கேட்பார் இல்லாத ஏலம்

தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்தவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்காமலே வந்துவிடும் வித்தைகள் இரண்டு. ஒன்று வெற்றிலை மடிப்பது. இன்னொன்று குத்தகை பேசுவது. மாயவரம் மயிலாடுதுறையாகி நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. 2020-ல் எங்களைத் தனி ஜில்லாவாகவும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் இந்த இரண்டு வித்தைகளில் நாங்கள் இன்னும் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள்தாம். நிலத்துக்குக் குத்தகை, தோப்புக்குக் குத்தகை, குளத்து மீனுக்கு ஏலம், புளியமரத்து மகசூலுக்கு ஏலம், ஐப்பசியில் கடைமுகத்துக்குக் கூட்டம் கூடினால் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குக்கூட ஏலம். எதற்கும் கேட்க நாலு பேர் வராமல் இருந்ததை நான் பார்த்ததில்லை.

ஆகவே, 2025-ஆம் வருஷம் நவம்பர் 7-ஆம் தேதி ஓர் ஏலத்துக்குக் கெடு முடிந்தது, ஒருவர்கூடக் கேட்கவில்லை என்று பத்திரிகையில் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. ஏலத்துக்கு வந்த சரக்கு லேசானதல்ல. இந்தியாவின் முதல்தரக் கால்பந்துப் பந்தயமான இந்தியன் சூப்பர் லீக்கை நடத்தி, விளம்பரம் பிடித்து, டெலிவிஷனுக்கு விற்றுக்கொள்ளும் உரிமை. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் டெண்டர் விட்டிருந்தது. சந்தேகம் விளக்கச் சொல்லிக் கேள்வி கேட்டவர்கள் உண்டாம். ஏலம் கேட்டவர்தான் இல்லை.

நாவல் எழுதுகிறவனுக்கு இந்த விவகாரத்தில் என்ன அக்கறை என்று வாசகர்கள் நினைக்கலாம். அக்கறை உண்டு. நானும் உரிமை விற்றுப் பிழைக்கிறவன்தான்.

உரிமை என்பது ஒரு விசித்திரமான சரக்கு. பந்தைத் தொட்டுப் பார்க்கலாம். ஒளிபரப்பு உரிமையைத் தொட்டுப் பார்க்க முடியாது. அதை வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது, 'நான் காட்டலாம்' என்ற அனுமதியை அல்ல. 'வேறு எவரும் காட்டக் கூடாது' என்ற தடையை. பதிப்பாளர் எனக்குப் பணம் தருவதும் என் கதைக்காக அல்ல. அதை இன்னொருவர் அச்சடிக்கக் கூடாது என்பதற்காகத்தான். (தருகிறபோது, என்று சேர்த்துப் படித்துக்கொள்ளவும்.) ஆனால் தடைக்கு ஒரு விலை வர வேண்டுமானால், தடுக்கப்படுவதற்கு இன்னொரு ஆள் இருக்க வேண்டாமா?

அந்த இன்னொரு ஆள் இல்லாத காலத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். தூர்தர்ஷன் ஒன்றே ஒன்று இருந்தது. 1990-களின் தொடக்கத்தில்கூட, கிரிக்கெட் மாட்சைக் காட்ட வேண்டுமானால் கிரிக்கெட் வாரியம்தான் தனக்குப் பணம் தர வேண்டும் என்று அது கேட்டது. ஆட்டத்துக்கு 5 லட்சம் ரூபாய்! பெண்ணையும் கொடுத்து வரதட்சிணையும் கொடுக்கிற கதை. 1993-ல் வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஹீரோ கோப்பையை ஓர் அயல்நாட்டுக் கம்பெனிக்கு விற்றது. சண்டை சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. காற்றலை பொதுச் சொத்து, அது சர்க்காரின் தனி உடைமை அல்ல என்று 1995 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பிறகுதான் கேட்க நாலு பேர் வந்தார்கள்.

சீமையில் அதற்குச் சற்று முன்னாலேயே இது நடந்துவிட்டது. 1992-ல் பிரீமியர் லீக்கின் ஒளிபரப்புக்கு ஐ.டி.வி.யும் ஸ்கையும் முட்டி மோதிக்கொண்டதில், 5 வருஷத்துக்கு 30 கோடியே 40 லட்சம் பவுனுக்கு ஸ்கை எடுத்தது. 2025-ல் தொடங்கிய 4 வருஷத்துக்கு உள்நாட்டு உரிமை மட்டும் 670 கோடி பவுன். ராஜன் தோட்டத்து மைதானத்தில் சாயங்காலம் பந்து உதைக்கிற எங்கள் ஊர்ப் பையன்கள் சீமைக் கிளப்புகளின் பனியனைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள் என்றால், அந்தப் பணம் எவ்வளவு தூரம் பாய்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் கதை வேறு. 2010 டிசம்பர் 9-ஆம் தேதி, சம்மேளனம் தன் சகல பாத்தியங்களையும் 15 வருஷத்துக்கு 700 கோடி ரூபாய்க்கு ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் கம்பெனியாரிடம் ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்தது. சுத்தமான குத்தகை. புதுப் பந்தயம் தொடங்குவது முதல் ஒளிபரப்பை விற்பது வரை எல்லாம் அதில் அடக்கம். 2014 அக்டோபர் 12-ஆம் தேதி கல்கத்தாவில் முதல் ஆட்டம். பந்தயத்தை நடத்திய கம்பெனியில் ஸ்டாருக்கும் பங்கு, ஒளிபரப்பியதும் ஸ்டார்தான். நிலத்தைக் குத்தகை எடுத்தவரே நெல் மண்டியும் வைத்திருந்தால் நெல்லுக்கு நிஜ விலை என்ன என்று யாருக்குத் தெரியும்?

அன்றைக்கு இதையெல்லாம் யார் யோசித்தார்கள்! 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் கிடந்தபோது, சென்னையின் எஃப்.சி. தன் அரையிறுதியைப் புனேயில் போய் ஆட வேண்டியிருந்தது. இறுதி ஆட்டம் 20-ஆம் தேதி கோவாவில். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றபடியே பார்த்தேன். 87-வது நிமிஷத்தில் கோவா 2-1 என்று முந்தியது. கடைக்காரர் வேறு சானல் மாற்றக் கையை நீட்டினார். "கொஞ்சம் இருங்கண்ணே" என்றது கூட்டம். 90-வது நிமிஷத்தில் கோவாவின் கோல்காப்பாளரே பந்தைத் தம் வலைக்குள் விட்டார். அடுத்த இரண்டு நிமிஷத்துக்குள் மெண்டோசா இன்னொன்று போட்டார். கோப்பை சென்னைக்கு! கடையில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. ஆனாலும் அந்தக் கூச்சல் இருக்கிறதே, அதைத்தான் ஒளிபரப்பு உரிமை என்று விற்கிறார்கள்.

2023-ல் ஒளிபரப்பு ஸ்டாரிடமிருந்து வயாகாம்18-க்குப் போயிற்று. 2024 நவம்பரில் அந்த இரண்டும் ஒன்றாகி ஜியோஸ்டார் ஆயின. குத்தகைக் கெடு 2025 டிசம்பரில் முடிகிற நேரம். இந்த முறை கம்பெனி குத்தகை வேண்டாம், வாரம் பேசலாம் என்றது: புதிதாக ஒரு கம்பெனி, கிளப்புகளுக்கு 60 பங்கு, தனக்கு 26, சம்மேளனத்துக்கு 14. சம்மேளனத்தின் சட்டதிட்டம் பற்றிய வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் இருந்ததால், தீர்ப்பு வரும்வரை புது ஒப்பந்தம் செய்யக் கூடாது என்று தடை. ஜூலை 11-ஆம் தேதி, பந்தயத்தை நிறுத்திவைப்பதாகக் கம்பெனி கிளப்புகளுக்குக் கடிதம் எழுதிவிட்டது. தீர்ப்பு செப்டம்பரில் வந்தது, அக்டோபரில் டெண்டர்.

எங்கள் ஒன்றுவிட்ட பெரியப்பா ஒருவருக்கு எண்பதை எட்டப் போகிறது. மீன் ஏலம் எடுத்தே மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். கால்பந்தில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்று கேட்டால் தெரியாது. அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"முன்னே யார் யாருப்பா கேட்டது?"

"பெரிய கம்பெனி ரெண்டு, பெரியப்பா."

"இப்போ?"

"ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்துடுச்சு."

பெரியப்பா எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "சம்பந்தம் பண்ணிக்கிட்டவங்க எதிர்த்து நின்னு கேப்பாங்களா? சரி, நிபந்தனை என்ன?"

"வருஷத்துக்கு 37½ கோடி. இல்லேன்னா மொத்த வருமானத்திலே நூத்துக்கு அஞ்சு. எது ஜாஸ்தியோ அது."

"விளைஞ்சா வாரம், விளையாமப் போனா குத்தகை. இப்படிக் கேட்டா எந்தப் பய குளத்துலே இறங்குவான்?" என்று சிரித்தார்.

அவர் சொன்னது பாதிதான் நியாயம். சம்மேளனம் பேராசைப்பட்டது என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. 15 வருஷம் உட்கார்ந்த இடத்தில் குத்தகைப் பணம் வந்தது. சரக்கைத் தானே சந்தைக்குக் கொண்டுபோய் விற்கப் பழகவில்லை. இதற்கு நடுவே, பணம் கட்டி ஆடும் செயலிகளை 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அந்தச் சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன்; அதில் பாழான குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் விளையாட்டு விளம்பரத்தில் பெரும்பணம் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அதுவும் வற்றிப்போயிற்று.

நிலத்துக்காரரும் குத்தகைக்காரரும் பேசி முடிக்காவிட்டால் முதலில் பட்டினி கிடக்கிறவன் யார் என்பது எங்கள் ஜில்லாவுக்கு நன்றாகத் தெரியும். தஞ்சாவூர்ச் சாகுபடிதாரருக்கும் பண்ணையாளுக்கும் 1952-லேயே ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது. பந்து உதைக்கிறவனுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆகஸ்டில் பெங்களூர் கிளப் ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிறுத்திவைத்தது. சென்னையின் எஃப்.சி.யோ காரியங்களையே காலவரையின்றி நிறுத்திவிட்டது. மேட்டூர்த் தண்ணீர் தாமதமானால் நாற்று நாற்றங்காலிலேயே முற்றிவிடும். பிறகு பிடுங்கி நட்டாலும் தூர் கட்டாது. ஆட்டக்காரனின் காலும் அப்படித்தான். இருபத்தெட்டு வயதுக்காரனுக்கு ஒரு வருஷம் என்பது நமக்கு ஒரு வருஷம் அல்ல. 2026 ஜனவரித் தொடக்கத்தில் சுனில் சேத்ரி, குர்பிரீத் சிங் சந்து, சந்தேஷ் ஜிங்கன் முதலிய ஆட்டக்காரர்கள் தலையிடும்படி உலகக் கால்பந்து சம்மேளனத்திடம் வீடியோவில் முறையிட்டார்கள். தேசத்துக்காக ஆடியவர்கள் ஆடுவதற்கு இடம் கேட்டுக் கையேந்தினார்கள்.

அதற்குச் சில நாட்களில், ஜனவரி 6-ஆம் தேதி, மத்திய விளையாட்டு மந்திரி மாண்டவியா அறிவித்தார்: பிப்ரவரி 14-ல் பந்தயம் தொடங்கும், 14 கிளப்புகளும் ஆடும். மொத்தம் 91 ஆட்டங்கள் என்றார்கள். என் தங்கை பிள்ளை ராஜன் தோட்டத்தில்தான் பழகுகிறான், பதினான்கு வயது. செய்தியைச் சொன்னதும் முதல் கேள்வியாக, "எந்தச் சானல்லே மாமா?" என்றான்.

"இன்னும் முடிவாகலைடா. இனிமேத்தான் யாராவது கேக்கணும்."

"நான்தான் கேக்குறேனே" என்று சொல்லிவிட்டு, பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.