ஓடுபாதைக்கு ஏற்ற விமானம்

சென்னையிற் பயிலும் மகளைக் காணப் புறப்பட்டோம். பயணப்பெட்டியின் நிறை கூடிவிட்டது. பனங்கட்டிக் குட்டான்களை வெளியே எடுத்தோம். "இஞ்சேருங்கோ, பிள்ளைக்குப் பனங்கட்டி இல்லாமலோ போறது?" என்றாள் இல்லாள். சிறிய விமானத்தை விடும் கம்பனியை நாம் நொந்துகொண்டோம்.

பின்னர் சிந்தித்தோம். விமானக் கம்பனிகள் அழகு பார்த்து விமானம் வாங்குவதில்லை. ஓடுபாதையின் நீளம், பயணிகளின் தொகை, எரிபொருட் செலவு, பழுதுபார்க்கும் வசதி ஆகிய யாவற்றையும் கணக்கிட்டே தெரிகின்றன. 1947 டிசம்பரில் எயர் சிலோன் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு முதன்முதல் அனுப்பியது டகோட்டா விமானத்தை. 1964 இல் அது அவ்ரோவை வாங்கியது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச நிலையமானபோது சென்னையிலிருந்து வந்திறங்கியதோ, எழுபது பேரளவே கொள்ளும் ஏரிஆர் 72. மூன்றும் சுழல்விசிறி விமானங்களே. குறுகிய பாதையிலும் இறங்கவல்லவை. பெரிய ஜெட் விமானத்துக்கு நீண்ட பாதை வேண்டும். இருக்கைகள் நிரம்பாவிடின் நட்டம். நட்டம் தொடர்ந்தால் சேவையே நின்றுவிடும். விரலுக்குத் தக்க வீக்கம்!

சென்னை செல்லக் கட்டுநாயக்கா வரை இரவெல்லாம் பஸ்ஸிற் குலுங்கிய நாட்கள் நினைவில் எழுந்தன. நமது மேற்சட்டைகள் இரண்டை எடுத்துவிட்டுக் குட்டான்களை மீண்டும் பெட்டியில் வைத்தோம். கம்பனி தன் கணக்கைப் பார்த்தது. நாம் நம் கணக்கைப் பார்த்தோம்.