எஞ்சின் ஏன் இடறுகின்றது?

தமிழாசிரியர்க்கும் புகையிரத எஞ்சினுக்கும் யாது தொடர்பு என எம்மை வினவும் அன்பர் பலர். மாணவர் பொழுதுபோக்குக் கழகத்தின் பொறுப்பு எம்பால் வந்த நாள் தொட்டு இவ்வினாவை யாம் கேட்டு வருகின்றோம். விடை எளிது. ஒரு பதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் எனப் பிரித்து, எவ்வுறுப்பு எங்கு நின்று என்ன செய்கின்றது எனக் காட்டுதல் எமது தொழில். ஓட மறுக்கும் ஒரு சிறு எஞ்சினுக்கும் அம்முறையே மருந்தாகும். அதனை இவ்விழா மலரில் சிறிது விரித்துரைக்க விழைகின்றோம்.

யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை 1990ஆம் ஆண்டில் நின்றது. 2014ஆம் ஆண்டிலேதான் மீண்டு வந்தது. இடைப்பட்ட இருபத்து நான்கு ஆண்டுகளில் எமது கல்லூரியிற் பயின்றோர் பலர் புகையிரதத்தைப் படத்திலன்றிக் கண்டிலர். அவருள் ஒருவர், இப்பொழுது இங்கிலாந்தில் வாழ்பவர், கழகத்துக்கு ஓர் எஞ்சின் மாதிரியின் உறுப்புகளை அனுப்பிவைத்தார். பித்தளைத் தகடுகள், ஆறு சில்லுகள், ஒரு சிறு மோட்டர், பற்சில்லுகள் ஆகியன ஒரு கைப்பெட்டியில் அடங்கின. விழாக் கண்காட்சியில் அது ஓடவேண்டும் என்பது அவர் விருப்பம்.

அவ்வெஞ்சின் ஓர் அடியை 4 மில்லிமீற்றராகக் குறுக்கிய அளவினது. அது செல்லும் தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீற்றர். 4 அடி 8½ அங்குலமாகிய ஆங்கில நாட்டுப் பாதைக்குக் கணக்கின்படி ஏறக்குறைய 18.8 வேண்டும், எமது நாட்டின் 5 அடி 6 அங்குலப் பாதைக்கு 22 வேண்டும். இக்கணக்கைச் செய்து காட்டிய மாணவர், "சேர், இது எங்கள் யாழ்தேவி போல அகலமாக நிற்காதே" என்று குறைப்பட்டனர். அகலம் பின்னர், முதலில் ஓடட்டும் என்றோம்.

ஆனால், அஃது ஓடவில்லை. 12 வோல்ற்று மின்னோட்டம் கொடுத்தபோது ஓரங்குலம் சென்று இடறி நின்றது. விரலால் தள்ள மீண்டும் சென்று மீண்டும் நின்றது. உடனே மருத்துவர் பலர் தோன்றினர். மோட்டர் வலிமையற்றது, வேறு வாங்குவோம் என்றான் ஒருவன். எண்ணெய் விடுவோம் என்றான் மற்றொருவன். மூன்றாமவன் அரத்தைக் கையில் எடுத்துத் துளைகளைப் பெருப்பிக்க முனைந்தான். காரணம் தெரியுமுன் அரம் தொடலாகாது என யாம் விதித்தோம். பெருத்த துளையை மீண்டும் சிறுப்பித்தல் எவராலும் இயலாது. அன்றியும், ஓர் உறுப்புக் கெடின் மற்றொன்று கடல் கடந்து வரவேண்டும், விழாவோ நெருங்கிவிட்டது.

எனவே எஞ்சினை உறுப்புறுப்பாகப் பிரித்தோம். முதலில் மோட்டரையும் இணைப்புக் கோல்களையும் அகற்றி, அடிச்சட்டத்தை மட்டும் கண்ணாடித் தட்டின்மேல் வைத்தோம். ஆறு சில்லுகளும் கண்ணாடியைத் தொடவேண்டும். மூலைக்கு மூலை ஆடினால் சட்டம் முறுகியுள்ளது என்பது பொருள். எமது சட்டம் ஆடவில்லை. தட்டைச் சற்றுச் சாய்த்தபோது தானே உருண்டு இறங்கிற்று. ஆகவே அச்சுகளிற் குற்றமில்லை.

அடுத்தது கோல்கள். சில்லுகளில் உள்ள முளைகளைப் பற்றி, எல்லாச் சில்லுகளையும் ஒருங்கு சுழலச் செய்பவை இவை. ஒரு பக்கத்து முளை மறுபக்கத்து முளைக்கு 90 பாகை விலகி நிற்கும்; எல்லா அச்சுகளிலும் அவ்விலகல் ஒத்திருத்தல் வேண்டும். கோல்களை ஒவ்வொன்றாகப் பூட்டி, விரலால் மெல்லச் சுழற்றி, எவ்விடத்தில் இறுகுகின்றது என்று குறித்துக்கொள்ளல் வேண்டும். இங்கேதான் நுட்பம் உளது. ஒரு பக்கத்து முளைகள் முன்னோ பின்னோ அச்சுகளோடு ஒரே கோட்டில் நிற்கும்பொழுது இறுகுமாயின், பெரும்பாலும் அப்பக்கத்துக் கோலின் துளை இடைவெளி அச்சுகளின் இடைவெளியோடு ஒவ்வாதது. கோட்டுக்கும் உச்சிக்கும் நடுவே சாய்ந்து நிற்கும்பொழுது இறுகுமாயின், 90 பாகை என்னும் கோணத்திற் பிழை உளது. கண்ணுக்கு இரண்டும் ஒரே நோய். மருந்தோ வேறு வேறு.

இதனைக் கண்டுபிடித்தவன் வகுப்பிற் பின்வரிசையில் இருப்பவன். எழுத்துப் பரீட்சைகளிற் பெரும் புள்ளி பெறாதவன். கண்ணை மூடிக்கொண்டு சில்லை விரல்நுனியாற் பத்து முறை சுழற்றினான். "இடப்பக்கம், சேர்; கோல் முன்னுக்கு நீட்டி நிற்கும்போதும் பின்னுக்குப் போகும்போதும் பிடிக்குது; வலப்பக்கம் சுகம்" என்றான். இடப்பக்கத்துக் கோலைக் கழற்றி உருப்பெருக்கியாற் பார்த்தோம். இரு தகடுகளை ஒன்றன்மேலொன்றாக வைத்துப் பற்றாசினால் ஒட்டிய கோல் அது. தகடுகள் மயிரிழையளவு விலகி ஒட்டியிருந்தன. சூடாக்கிப் பிரித்து, துளைகளினூடே துளைகருவியின் மழுங்கிய முனையைச் செருகி, நேர் நிறுத்தி மீண்டும் ஒட்டினோம். இறுக்கம் நீங்கிற்று. அரம் மேசையிலேயே கிடந்தது.

பின்பு மோட்டரைச் சேர்த்தோம். மோட்டரின் திருகுப் பல்லும் அச்சின் பற்சில்லும் மிக நெருங்கினால் உறுமும். மிக விலகினால் கடகடக்கும். இரண்டிற்குமிடையே ஒரு மெல்லிய காகிதத் துண்டை வைத்துப் பொருத்தி, பின் அதனை இழுத்தெடுத்தால் வேண்டிய இடைவெளி கிடைக்கும்.

இத்துணை செய்தும், தண்டவாளத்தில் வைத்தபோது எஞ்சின் இடையிடையே நின்றது. ஆனால், பற்றரியின் கம்பிகளை மோட்டரில் நேரே தொடுத்தபோது சீராகச் சுழன்றது. ஆகவே இனிக் குற்றம் பொறியிலன்று, மின் வரும் வழியில் என்பது தெளிவாயிற்று. சில்லின் புறத்தை உரசி மின்னேற்கும் மெல்லிய வெண்கலக் கம்பிகளுள் ஒன்று சில்லைத் தொடாது நின்றது. அதனை வளைத்துத் தொடுவித்தோம். அளவுக்கு மிஞ்சி அழுத்தினால் அக்கம்பியே பிறேக்காகிவிடும். தொட்டும் தொடாமலும் என்னும் இடையளவே வேண்டுவது. ஈற்றில் மேலுடலைப் பூட்டியபோது வளைவில் மட்டும் மின் அறுந்தது. உலோகப் பிறேக்குக் கட்டை ஒன்று சில்லைத் தீண்டிக் குறுஞ்சுற்று உண்டாக்கிற்று. அதனை ஒரு நூலளவு விலக்கியதும் எஞ்சின் வளைவையும் கடந்தது.

இவ்வாறு ஓர் இடறலுக்குள் மூன்று காரணங்கள் ஒளிந்திருந்தன. மோட்டர் மூன்றிலும் குற்றமற்றது. முதலிற் பழி சுமந்ததும் அதுவே.

ஆசிரியராகிய எமக்கு இது சிந்தனைக்குரியது. கணக்கில் இடறும் பிள்ளையை அறிவு மட்டு என்றும், வாசிப்பில் இடறும் பிள்ளையைச் சோம்பன் என்றும் கூறிவிடல் மோட்டரை மாற்றுவோம் என்பதற்கு நிகர். கணக்குத் தெரிந்தும் வினாவின் மொழி விளங்காதிருக்கலாம், கரும்பலகை கண்ணுக்குத் தெரியாதிருக்கலாம், காலையுணவின்றி வந்திருக்கலாம். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாலன்றி எது என்பது புலப்படாது. கடுஞ்சொல்லும் ஓர் அரமே. அது தேய்த்தது மீளாது. மேற்சொன்ன மாணவனை அந்நாள்வரை யாம் விடைத்தாளிலேயே கண்டிருந்தோம். அவன் விரல்நுனியிலிருந்த கல்வியை எஞ்சின் காட்டிற்று.

இன்று கழகத்துச் சுவரிலே அம்மாணவர் தம் கையால் எழுதிய வரிசை தொங்குகின்றது: சட்டம், சில்லு, கோல், பல், மின், உடல். இவ்வாறினையும் இம்முறையே நாடுக, ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக, மாற்றியதை எழுதிவைக்க. இனி வரும் மாணவர் 22 மில்லிமீற்றர்ப் பாதையிலே எமது நாட்டு எஞ்சின் ஒன்றனைச் செய்து ஓட்டுவாராக. விழாக் காணும் எம் கல்லூரி அன்னை பல்லாண்டு வாழ்க!