கொடைக்கானல் காற்றும் 15,000 ரூபாய் டிரைவரும்

கொடைக்கானலில் தூண் பாறைக்குப் போகிற வழியில், பசுமைப் பள்ளத்தாக்கைப் பார்க்க எல்லா வேனும் நிற்கும். பக்கத்திலேயே பெரிய கோல்ஃப் மைதானம். 1895-ல் தொடங்கிய கிளப். நம்மில் பலர் வேலிக்கு வெளியே நின்று காட்டெருமையைப் படம் பிடித்துவிட்டு, சுட்ட சோளத்தோடு கிளம்பிவிடுவோம். நானும் காட்டெருமை வீடியோவுக்காகத்தான் போனேன்.

அங்கேதான் அந்த அண்ணனைப் பார்த்தேன். ஆட வருபவர்களின் பையைச் சுமக்கும் கேடி. (நம் ஊரில் 'கேடி' என்றால் வேறு அர்த்தம் என்பதால், பெண் பார்க்கப் போனபோது கிளப்பில் வேலை என்று மட்டும் சொன்னாராம்.) கையில் ஒரு பழைய டிரைவர். அதாவது, முதல் அடியை நெடுந்தூரத்துக்கு அடிக்கிற, பையிலேயே நீளமான மட்டை. யாரோ உறுப்பினர் கொடுத்துவிட்டுப் போனது. இப்போது அதில் ஆடுவது பதினாறு வயது மகன்.

"காதை வெச்சுக் கேளுங்க தம்பி. 'டங்'குனு வரணும். 'பொத்'துனு வருது. உள்ள விரிசல் விட்ருச்சு."

அடுத்த மாதம் சமவெளியில் மகனுக்கு ஒரு போட்டி. புது டிரைவர் ஐம்பதாயிரத்தைத் தாண்டுகிறது. சீசனில் சேர்த்த பதினைந்தாயிரம்தான் கையில். ஏற்கெனவே இணையத்தில் ஏழாயிரத்துக்கு ஒன்று வாங்கி ஏமாந்திருக்கிறார். பெரிய கம்பெனி பெயர் போட்ட போலி. தலைப்பகுதியில் வீட்டு ஃபிரிட்ஜ் காந்தத்தை வைத்தாராம், பச்சக்கென்று ஒட்டிக்கொண்டதாம். அசல் டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது.

"பழசு வாங்கினா பையன் பின்தங்கிட மாட்டானா?" என்று கேட்டேன். சிரித்தார். டிரைவரின் தலை 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. முகப்புத் தகடு பந்தை எவ்வளவு துள்ள வைக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ-வும் அமெரிக்காவின் யுஎஸ்ஜிஏ-வும் 2000-களிலேயே போட்ட விதிகள் இவை. நடுவில் பட்டால் ஏழெட்டு வருடப் பழைய டிரைவரும் புதியதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஓரத்தில் பட்ட பந்தைக் காப்பாற்றுவதில்தான் புதியவை கொஞ்சம் தேறியிருக்கின்றன. விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள் என்பது என் சேர்க்கை.

கோவையில் ஒருவர் 2017-ல் வந்த பிங் ஜி400 டிரைவரை 14,500-க்கு விற்கிறார் என்று தகவல். "அனுப்பச் சொல்லி இங்கயே அடிச்சுப் பாக்கலாமே?" என்றேன்.

"கொடைக்கானல் பொய் சொல்லும் தம்பி" என்றார்.

ஏழாயிரம் அடி உயரம். காற்றின் அடர்த்தி குறைவு. பந்தைத் தடுக்க ஆள் இல்லை. ஏழெட்டு சதவீதம் கூடுதலாகப் பறக்கும். இன்னொரு சங்கதியும் உண்டு. வலப்பக்கமோ இடப்பக்கமோ வளைகிற பந்து இங்கே குறைவாகத்தான் வளையும். மேலே நேராகப் போகிற அடி, கீழே காட்டுக்குள் போய்விடும். சமவெளியில் ஆட வேண்டிய பையனுக்கு மலையில் டிரைவர் தேர்ந்தெடுப்பது, ஏசி கடையில் நின்று ஸ்வெட்டர் வாங்குகிற மாதிரி.

ஞாயிறு அதிகாலை, பழனி மலைப்பாதையில் இறங்கும் பேருந்தில் நானும் ஒட்டிக்கொண்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குத் தலை சுற்றியது. பையன் தூங்கினான். அண்ணன் மட்டும் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி வந்தார். ஒரு பையில் பணம், இன்னொன்றில் காந்தம்.

செட்டிப்பாளையம் மைதானத்தில் வெயில் ஏறியிருந்தது. விற்பவரிடம் வணக்கம் சொன்ன கையோடு காந்தத்தை வைத்தார். வழுக்கி விழுந்தது. தண்டும் தலையும் சேருமிடத்தில் இருந்த வரிசை எண்ணைப் படித்தார். 10.5 டிகிரி சாய்வு, ரெகுலர் தண்டு. "பையன் வேகத்துக்கு ஸ்டிஃப் வேணாம்" என்றார்.

பையன் பத்துப் பந்து அடித்தான். முதல் மூன்றும் வலப்பக்கம் போயின. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. பந்து வைக்கும் ஆணியை மட்டும் கொஞ்சம் உயர்த்தி ஊன்றினார். மிச்சம் ஏழில் ஆறு நேராகப் போயின. மலையில் 230 கெஜம் அடிக்கிறவனுக்கு இங்கே 215 தான். பையன் முகம் சுருங்கிவிட்டது.

"இதுதான்டா உன் நெசமான தூரம்" என்றார் அண்ணன்.

கைப்பிடி ரப்பர் தேய்ந்திருந்தது. அதைக் காட்டிப் பேசி 13,500-க்கு முடித்தார். மிச்சத்தில் புது ரப்பரும், மூவருக்கும் சாப்பாடும், திரும்பும் டிக்கெட்டும்.

மாலைப் பேருந்தில், அம்மாவின் பழைய சால்வையில் சுற்றிய டிரைவரை மடியில் குறுக்கே வைத்திருந்தான் பையன். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"என்னப்பா அது, கம்பு? லக்கேஜ் போடணுமா?"

"கம்பு இல்ல சார், டிரைவர்" என்றான் பையன்.

கண்டக்டர் ஒருமுறை முன்சீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு டிக்கெட் கிழித்தார்.