எங்கள் ஊர்ப் பெயர் தாங்கிய சிலந்தி

இரத்தோட்டை என்றால் மாத்தளை மக்களுக்கு மிளகும் கிராம்பும் நினைவுக்கு வரும். எனக்கு இப்போது ஒரு சிலந்தியும் நினைவுக்கு வருகிறது. அதன் விஞ்ஞானப் பெயர் ஒனோமாஸ்டஸ் ரத்தோட்டென்சிஸ். ‘இரத்தோட்டைக்குரியது’ என்று பொருள். 2010இல் இலங்கை ஆய்வாளர் சுரேஷ் பெஞ்சமின் இந்த இனத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். ஒனோமாஸ்டஸ் என்ற சாதிக்கு 1900இலேயே பிரான்ஸ் நாட்டு அறிஞர் யூஜின் சிமோன் பெயரிட்டிருந்தார்.

இவை குதிக்கும் சிலந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை. காட்டு இலைகளில் வாழும் வெளிறிய, சின்னஞ்சிறு உயிர்கள். இக்குடும்பத்தில் பெரும்பாலானவை வலை விரித்துக் காத்திருப்பதில்லை. எட்டுக் கண்களில் முன்னுள்ள பெரிய இரண்டால் குறிபார்த்து இரைமேல் பாயும். உடல் திரவத்தின் அமுக்கமே கால்களை விசையுடன் நீட்டுகிறது. பாயுமுன் ஓர் இழையை இலையில் ஒட்டிக்கொள்வதால், குறி தவறினாலும் தொங்கி மீளும்.

உயர்தரத்தில் உயிரியல் படிப்பதால் உறவினர் என்னை இப்போதே ‘டொக்டர்’ என்கிறார்கள். விலங்கியல் படிக்கப்போகிறேன் என்றதும் உம்மா கேட்டார்:

“சிலந்தி பார்த்து என்ன மகள் செய்யப்போறீங்க?”

“எங்கட ஊர்ப் பேரோட ஒரு உயிர் ஈக்குது உம்மா. அதத் தெரிஞ்ச ஒருத்தராவது ஊர்ல வேணாமா?”

உம்மா சற்று யோசித்தார். “குர்ஆன்லயும் சிலந்திட பேர்ல ஒரு ஸூரா ஈக்குதுதானே, அல்-அன்கபூத்” என்றார்.

காடு குறைந்தால் இந்தப் பெயர் ஏட்டில் மட்டுமே எஞ்சும். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் உயிரியல் விஞ்ஞானத்தையே முதலாவதாக எழுதுவேன்.