மொண்ணைக் கத்தி

போன வாரம் பேத்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். "தாத்தா, டைலியூட், அட்டென்யுவேட், மிட்டிகேட், டெம்பர், ப்ளண்ட்... எல்லாத்துக்கும் என் புத்தகத்துல குறைத்தல்னு ஒரே அர்த்தம் போட்டிருக்கு. எது எங்க வரும்னே தெரியல" என்றாள்.

என்னிடம் கேட்டது எனக்குச் சிரிப்பாக இருந்தது. நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1954-இல் பிரெஞ்சுக்காரர் ஆட்சி கைமாறி, 1962-இல் சட்டப்படி முழுமையாக இந்தியாவோடு சேர்ந்த பிறகும் எங்கள் வகுப்பில் பிரெஞ்சு போகவில்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு. ஆங்கிலம் எனக்கு மூன்றாவதாக, அரசாங்க வேலைக்கு வந்தபின் அகராதியும் கையுமாகக் கற்றுக்கொண்டது. ஆனால் அதிலும் ஒரு சௌகரியம் இருந்தது. பேத்தி கேட்ட சொற்களில் பாதிக்கு மேல் லத்தீனிலிருந்து வந்தவை. பிரெஞ்சில் அவை எனக்குப் பழைய சிநேகிதர்கள்.

அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

டைலியூட் என்பதன் வேரில் கழுவுதல் இருக்கிறது. தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்வது. மோரில் தண்ணீர் விட்டு நீர்மோர் ஆக்குகிறோமே, அது. சட்டம் நீர்த்துப்போனது என்று செய்தித்தாளில் போடுவதும் அதே கருத்துதான். பிரெஞ்சில் இதற்கு ஒரு வழக்கு உண்டு. ஒருவர் தன் பிடிவாதத்தைத் தளர்த்தினால் 'தன் ஒயினில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்' என்பார்கள். எங்கள் வாத்தியார் அடிக்கடி சொல்வார்.

மிட்டிகேட்டின் வேர் மென்மை. துன்பத்தின், சேதத்தின் கடுமையைத் தணிப்பது. வெள்ளத்தையே தடுப்பதல்ல, வெள்ளத்தால் வரும் கேட்டைக் குறைப்பது.

அட்டென்யுவேட் என்றால் மெல்லியதாக்குவது. பிரெஞ்சில் அத்தெனுவே. இதற்கு அவளுடைய கைத் தழும்பையே உதாரணம் காட்டினேன். பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசியில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட கிருமி. பெயரில் உள்ள சி-யும் ஜி-யும் கால்மெத், கெரேன் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். லீல் நகரத்தில் 1908-இல் தொடங்கி, மாட்டுக்குக் காசநோய் தரும் கிருமியைப் பித்தநீர் சேர்த்த உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதிதாக மாற்றி மாற்றி, 13 வருஷத்தில் 230 தடவை மாற்றினார்கள். கடைசியில் கிருமி உயிரோடிருந்தது, நோய் தரும் வலு போய்விட்டது. 1921-இல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். நம் கிண்டியில் 1948-இல் இதற்கென்றே ஆய்வுக்கூடம் வந்தது. ஒன்றைப் பலவீனமாக்குவதற்கு 13 வருஷம் உழைத்திருக்கிறார்கள், பார் என்றேன்.

டெம்பர் கொல்லர் பட்டறைச் சொல். அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் இரும்பு கடினமாகும், ஆனால் கல்லில் பட்டால் சில்லென்று தெறித்துவிடும். ஆகவே மறுபடி இளஞ்சூடு காட்டிக் கடினத்தைக் கொஞ்சம் குறைப்பார்கள். அந்தக் குறைப்பில்தான் அரிவாள் உடையாமல் உழைக்கிறது.

நம்மிடமும் சொல்லுக்குப் பஞ்சமில்லை. கோபம் தணிகிறது, பால் ஆறுகிறது, உப்புக் கரித்தால் குழம்பை நீர்க்க வைக்கிறோம். வெந்நீரில் பச்சைத் தண்ணீர் கலந்து குளிக்கும் பதத்துக்குக் கொண்டுவருவதற்கு விளாவுதல் என்று தனியாகவே ஒரு சொல் வைத்திருக்கிறோம். அதற்கு நேரான ஒற்றைச் சொல் எனக்குப் பிரெஞ்சிலும் கிடைத்ததில்லை, ஆங்கிலத்திலும் கிடைத்ததில்லை.

கடைசியில் ப்ளண்ட். மழுங்குதல், மொண்ணையாதல். இதைச் சொல்லும்போதுதான் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. "என்ன தாத்தா, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டாள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. இந்தப் பக்கமெல்லாம் அப்போது திருச்சி மாவட்டம். நான் ஓர் அலுவலகத்தில் உதவியாளர். எது என்பது வேண்டாம். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடக் கட்டிடத்தைப் பார்த்துவிட்டு வந்த பொறியாளர், பின்சுவர் எந்த நேரமும் விழலாம், பிள்ளைகளை உடனே வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார். மேலிடத்துக்கு ஆங்கிலத்தில் போக வேண்டிய கடிதம். அவர் எழுதியதை அப்படியே வரைவாக்கி வைத்தேன். கோப்பு திரும்பி வந்தபோது ஓரத்தில் பச்சை மையில் இரண்டே சொல்: 'டோன் டௌன்.' அபாயம் என்று போனால் இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கேள்வி வரும் என்பது அதிகாரியின் கவலை.

நான் அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'அபாயகரமான நிலை' என்பது 'கவனம் தேவைப்படும் நிலை' ஆயிற்று. 'உடனே' என்பது 'வசதிப்படும்போது' ஆயிற்று. உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சொற்களைக் கண்டுபிடித்ததில் எனக்கு அன்று பெருமைதான். மூன்றாம் மொழிக்காரன் எவ்வளவு பதமாக எழுதிவிட்டான் என்று நானே மெச்சிக்கொண்டேன். அதிகாரியும் ஒரு எழுத்தை மாற்றாமல் கையெழுத்துப் போட்டார்.

ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி அந்தச் சுவர் விழுந்தது. உள்ளே பிள்ளைகள் இல்லை. ஒட்டிப் படுத்திருந்த காவலாளிக்கு ஒரு கால் நொறுங்கிவிட்டது. மருத்துவமனைக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். "ராத்திரியில விழுந்துச்சே, அதுவே சாமி புண்ணியம்ங்கய்யா. பகல்ல விழுந்திருந்தா புள்ளைங்க கதி?" என்று என்னைத் தேற்றினார். நான் எழுதிய கடிதத்தைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. நாலைந்து வருஷம் கழித்து அவர் தாங்கித் தாங்கி நடந்து எதிரில் வந்து கும்பிட்டார். அப்போதும் சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை.

கடிதம் காரமாகவே போயிருந்தால் அந்தச் சுவரை இடித்திருப்பார்களா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் படித்தவருக்கு ஒரு ராத்திரி தூக்கமாவது கெட்டிருக்கும். அதைக்கூட நான் மிச்சம் வைக்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு மனைவியின் ஊரான செட்டிகுளத்திலேயே தங்கிவிட்டேன். மலைமேல் கரும்பு ஏந்திய தண்டாயுதபாணி, கீழே ஏகாம்பரேசுவரர், சுற்றிலும் சின்ன வெங்காய வயல். பேத்தியோடு பேசிவிட்டு உள்ளே போனால், மனைவி வெங்காயம் அரிந்துகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, கத்தி மொண்ணையா இருக்கு. சாணை புடிக்கிறவன் வந்தா கூப்பிடுங்கன்னு எத்தனை நாளா சொல்றேன்? நல்ல கத்தின்னா இவ்வளவு எரியாது" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். கூரான கத்தி வெங்காயத்தை வெட்டும். மழுங்கிய கத்தி நசுக்கும். நசுங்க நசுங்கத்தான் கண்ணை எரிக்கும் ஆவி கூடுதலாகக் கிளம்பும்.

சாயங்காலம் பேத்தியை நானே கூப்பிட்டு மிச்சத்தைச் சொன்னேன். சுவர் விழுந்த கதையையும் சொன்னேன். நாற்பது வருஷத்தில் நான் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. பிறகு, "நாளைக்கு நான் ஆபீசர் ஆனா, பச்சை இங்க்ல அப்படி எழுத மாட்டேன் தாத்தா" என்றாள்.

மறுநாள் கத்தியை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போய்ச் சாணை பிடித்து வந்தேன்.