மலை இல்லாத ஊரைக் கீறுதல்

பிள்ளைகளிடம் ஒரு வெள்ளைத் தாளையும் கலர்ப் பென்சில்களையும் கொடுத்து "உங்கட ஊரைக் கீறுங்கோ" என்று சொன்னால் என்ன வரும் என்பது வாசகிகளுக்குத் தெரிந்ததுதான். இரண்டு மலை, நடுவில் சூரியன், மலையடியிலிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் ஒரு தென்னை. ஊர்காவற்றுறையிலும் இதுதான், வேலணையிலும் இதுதான். எங்கள் தீவகத்தில் மலையும் கிடையாது, ஆறும் கிடையாது. பிள்ளைகளைக் குறை சொல்லவும் ஏலாது. எங்கள் விறாந்தைகளில் தொங்கிய கலண்டர்களில் சுவிஸ் நாட்டுப் பனிமலையையும் பைன் மரத்தையும் தவிர வேறு என்ன இருந்தது? அழகான இடம் என்றால் அது வேறெங்கோதான் என்று நாங்களே படிப்பித்து வைத்திருக்கிறோம்.

இந்தப் பேச்சு எங்கள் பெண்கள் குழுக் கூட்டத்தில் ஒருநாள் சிரிப்பாகத் தொடங்கியது. அந்தச் சிரிப்பில்தான் பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பதினொரு பெண்கள் நெடுந்தீவுக்குப் புறப்பட்டோம். எங்களோடு ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியை ஒருவரும் வந்தார். கையில் பென்சில், அழிறப்பர், அட்டையில் குத்திய கடதாசி. மதியத்துக்குப் புட்டும் சம்பலும் பார்சலாகக் கட்டியிருந்தோம். நான் சமூகவியல் படித்தவள், ஓவியம் படித்தவளல்ல. ஆனபடியால் போவதற்கு முன் கொஞ்சம் வாசித்தேன், ரீச்சரிடம் கனக்கக் கேட்டேன். இங்கே எழுதுவது அந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

பண்ணைப் பாலம் தாண்டியவுடனேயே ரீச்சர் பாடத்தைத் தொடங்கிவிட்டார். "யன்னலுக்கால பாருங்கோ. தரை எவ்வளவு, வானம் எவ்வளவு?" தரை ஒரு கோடுதான். மிச்சம் முழுவதும் வானம். எங்கள் ஊரைக் கீறுகிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது அந்தக் கோட்டைத் தாளில் எந்த உயரத்தில் வைப்பது என்பதாம். கோட்டைப் பதித்து வைத்தால் வானம் பெரிதாகும், பனைகள் வானத்துக்குள் ஏறி நிற்கும். மேலே வைத்தால் மண்ணும் கல்லும் காய்ந்த புல்லும் பெரிதாகும். மலை நாட்டு ஓவியருக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அவருக்கு மலையே தாளை நிரப்பிக் கொடுத்துவிடும்.

வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் தாம்போதியில் பஸ் ஏறியபோது இரண்டு பக்கமும் வெறும் கடல். புங்குடுதீவுக்குள் போனதும் வழமைபோலக் கூரையில்லாத வீடுகள். 1990களின் தொடக்கத்தில் சனம் விட்டுப்போன வீடுகள் அவை. சிலவற்றில் விறாந்தைத் தூண்கள் மாத்திரம் நிற்கின்றன. சிலவற்றில் நடு ஹோலுக்குள் ஆலமரம் முளைத்திருக்கிறது. எங்களோடு வந்த அக்கா ஒருவர் ஓர் ஒழுங்கையைக் காட்டி, "உதுக்குள்ளதான் எங்கட வீடு" என்றார். வளவு தமையனின் பெயரில் இருக்கிறது, தமையன் வெளிநாட்டில். வைகாசியில் மெசின் விட்டு இடித்து, துப்பரவாக்கி, காணியை விற்கப்போகிறார்களாம். "விக்கட்டும், நான் மறிக்கேல்ல. ஆனா அந்த வீட்டின்ர ஒரு படம்கூட எங்களிட்ட இல்ல. அல்பமெல்லாம் இடம்பெயரேக்க போட்டுது." அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸும் நிற்கவில்லை.

குறிகட்டுவானில் படகேறினால் நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் அளவில் ஆகும். நயினாதீவு கிட்டத்தான். நாகபூசணி அம்மன் கோபுரமும் நாகவிகாரையின் வெள்ளைத் தாதுகோபமும் சிறிது நேரம் கண்ணில் நின்று பிறகு ஒதுங்கிப்போகும். அதன்பின் பார்ப்பதற்குத் தண்ணீர்தான். ரீச்சர் "கடலைக் கொஞ்சம் கீறிப் பாருங்கோ" என்று சொல்லித் தாளைக் கொடுத்தார். நெடுந்தீவைச் சேர்ந்த ஓர் அம்மா தாளை வாங்கி மடியில் வைத்துவிட்டு, "கடல் வேண்டாம் பிள்ளை. நான் கரைக்குப் போய்க் கீறுறன்" என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. 15.05.1985 அன்று நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகு இந்தக் கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளுமாக அதில் வந்தவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டதைத் தீவகத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கீறாமல் விடுவதும் ஒருவரின் தெரிவுதான். ரீச்சர் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார்.

நெடுந்தீவின் இன்னொரு பெயரான டெல்ப்ட் ஒல்லாந்தர் வைத்தது. 1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த பிறகு தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களை எங்கள் தீவுகளுக்குச் சூட்டினார்கள். வேலணை லெய்டன் ஆனது, காரைநகர் அம்ஸ்ரடாம், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம். மற்றவை பெரும்பாலும் மறைந்துபோக டெல்ப்ட் மாத்திரம் தங்கிவிட்டது. இதில் எனக்குப் புதுமையாக இருந்தது வேறொன்று. யாழ்ப்பாணக் கோட்டை விழுந்து இரண்டு மூன்று வருடங்களுக்குள், 1660-61 அளவில், அங்கே டெல்ப்ட் நகரில் வெர்மீர் என்ற ஓவியர் தன் ஊரை ஆற்றுக்கு இக்கரையிலிருந்து கீறினார். இன்று ஹேக் நகர அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கும் அந்தப் படம் உலகத்தின் மிகப் பிரசித்தமான ஊர்க்காட்சிகளில் ஒன்று. அதுவும் மலையில்லாத தட்டை நிலம். படத்தின் பாதிக்கு மேல் வானம். கீழே கரையில் இரண்டு பெண்கள் கதைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பார்த்தால் போட்டோ எடுத்ததுபோலத்தான் தெரியும். ஆனால் ஆராய்ந்தவர்கள் சொல்வது, கட்டடங்களைச் சற்று ஒழுங்குபடுத்தியும் தண்ணீரில் விழும் அவற்றின் நிழலை நீட்டியும்தான் வெர்மீர் கீறினார் என்பது. அப்படியானால் யதார்த்த ஓவியமும் அப்படியே பிரதி பண்ணுவது அல்ல.

இன்னொரு செய்தியும் உண்டு. 12.10.1654 அன்று அதே டெல்ப்ட் நகரில் வெடிமருந்துக் களஞ்சியம் வெடித்து ஊரின் ஒரு பகுதி தரைமட்டமானது. எக்பேர்ட் வான் டெர் பூல் என்ற ஓவியர் அந்த அழிவைத் திரும்பத் திரும்பக் கீறினார். இடிந்த சுவர்கள், கொப்பு முறிந்த மரங்கள், இடிபாடுகளுக்கிடையே ஒருவருக்கொருவர் கை கொடுக்கும் சனங்கள். ஒரே ஊர், சில வருட இடைவெளி. ஒருவர் காயத்தைக் கீறினார், மற்றவர் காலை வெயிலில் ஊர் அமைதியாக நிற்பதைக் கீறினார். இதில் யார் உண்மையைக் கீறியவர் என்று நான் படகில் வைத்துக் கேட்டேன். "எக்பேர்ட் எண்டுறவர்தான்" என்றார்கள் பலர். புங்குடுதீவு அக்கா மாத்திரம், "மற்றவரும் பொய் கீறேல்லத்தானே" என்றார்.

நெடுந்தீவில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது வேலி. யாழ்ப்பாணத்துக் கிடுகு வேலியோ பனையோலை வேலியோ அல்ல, கல்வேலி. கடல் முருகைக்கற்களைச் சுண்ணாம்பு இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். இடையிடையே துவாரம், காற்று ஊடறுத்துப் போகும். வெயிலில் அந்தக் கற்கள் சாம்பலும் வெள்ளையுமாகக் கண்ணைக் கூசும். ரீச்சர் எங்களை ஒரு கல்வேலிக்கு முன்னால் இருத்தினார். எல்லோரும் கல்லுக் கல்லாக வட்டம் கீறத் தொடங்கினோம். கால் மணித்தியாலத்தில் தாள் முழுவதும் உருளைக்கிழங்கு. ரீச்சர் சிரித்துவிட்டு, "கல்லைக் கீற வேண்டாம். கல்லுக்கு இடையில இருக்கிற இருட்டைக் கீறுங்கோ" என்றார். செய்து பார்த்தோம். உண்மையில் கல் தானாகவே எழும்பி வந்தது. வெயிலைக் கீற முடியாது, நிழலைக் கீறித்தான் வெயிலைக் காட்டலாம் என்பதும் அப்படித்தான் விளங்கியது.

வேலி என்றவுடன் ஜஸ்மின் நிலானி ஜோசப் அவர்களைச் சொல்லாமல் விட முடியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்றவர், இடப்பெயர்வுக்குள் வளர்ந்த தலைமுறை, பெண். மெல்லிய பேனைக் கோடுகளால் வேலிகளையும் ஆளில்லாத வீடுகளையும் பற்றை மூடிய வளவுகளையும் நுணுக்கமாகக் கீறுகிறார். அவருடைய படங்களில் அழுகை இல்லை, இரத்தமும் இல்லை. வேலி இருக்கிறது, வேலிக்குப் பின்னால் இருக்க வேண்டியவர்கள் இல்லை. நான் பார்த்தவற்றில் என்னைக் கனநேரம் நிறுத்தி வைத்தவை அவைதான்.

அவருக்கு முந்திய பரம்பரையில் யதார்த்த பாணியை விடாமல் பிடித்திருந்தவர் ஆசை இராசையா. 1946 இல் அச்சுவேலியில் பிறந்து 2020 இல் காலமானவர். உருவப்படங்களும் எங்கள் மண்ணின் காட்சிகளும் அவருக்கு நன்றாகக் கைவந்தவை. நவீன ஓவியம் வந்த பிறகு "இப்படிக் கீறுவது பழசு" என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கருத்து உடன்பாடில்லை. ஒரு பனங்கூடலையும் ஒழுங்கையையும் அப்படியே நம்பிக் கீறி வைத்த படங்கள் எங்களிடம் எத்தனை இருக்கின்றன? அதேவேளை, குருநகரில் பிறந்த ஓவியர் மாற்கு யதார்த்தத்தை விட்டு விலகிக் கோடுகளாலும் வடிவங்களாலும் புதிதாகப் பேசியவர். வாசுகி போன்ற பெண்களுக்கு ஓவியம் கற்பித்தவரும் அவர்தான். இடப்பெயர்வுகளில் அவரது படைப்புகள் பல அழிந்துபோயின. அவர் 2000 இல் காலமானார்.

தெற்கிலும் ஒருவர். 1943 இல் கொழும்பில் தொடங்கிய '43 குழு'வைச் சேர்ந்த ஐவன் பீரிஸ், திரைப்பட இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் சகோதரர். வாழ்நாளின் பெரும்பகுதி இங்கிலாந்தில். அங்கும் கடற்கரை நகரம் ஒன்றில்தான் இருந்தார். ஆனால் கீறிக்கொண்டிருந்தது இலங்கையின் கடற்கரையை, நினைவிலிருந்து. வெளிநாட்டிலுள்ள எங்கள் சனத்துக்கு இது புதிய செய்தியல்ல.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூட்டையும் பெருக்க மரத்தையும் பார்த்தோம். அந்த மரத்தின் பொந்துக்குள் ஆட்கள் புகுந்து நிற்கலாம், நாங்களும் புகுந்தோம். வெளியில் கட்டாக்காலிக் குதிரைகள் தண்ணீர் தேடித் திரிந்தன. குதிரையைக் கீறப் போனவர்களுக்கு நாய்தான் வந்தது.

புங்குடுதீவு அக்கா எங்களோடு வரவில்லை. கல்வேலி நிழலில் இருந்தபடி கீறிக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தேன். கல்வேலியும் இல்லை, குதிரையும் இல்லை, அவருடைய வீடு. கூரையைக் கீறி, அழித்து, திரும்பக் கீறி, தாள் அந்த இடத்தில் மெலிந்துபோயிருந்தது. "தங்கச்சி, ஓட்டோட கீறவோ, இப்ப இருக்கிறமாதிரிக் கீறவோ? ஓடு போட்டா பொய். போடாட்டி அது எங்கட வீடில்ல" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. தா. சனாதனன் அவர்களின் 'நிறைவுறாத தோம்பு' பற்றி மாத்திரம் சொன்னேன். 2011 இல் வெளிவந்த நூல் அது. இடம்பெயர்ந்த எண்பது பேர் தாங்கள் இழந்த வீடுகளின் வரைபடத்தை நினைவிலிருந்து தங்கள் கையாலேயே கீறிக் கொடுத்தார்கள். அதே வீட்டை அளவுப் படமாகவும் சேர்த்து, அவர்கள் சொன்ன கதைக்குச் சனாதனன் ஓர் ஓவியமும் கீறினார். தோம்பு என்றால் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும். அந்த நூலில் உறுதிக்குப் பதிலாக நினைவு பதியப்பட்டிருக்கிறது. கோணல்மாணலான கோடுகள்தான். கிணறு இங்கே, அடுப்படி அங்கே, சாமியறை இது. அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப மேல இருந்து பாக்கிறமாதிரிக் கீறினா ஓட்டுக் கரைச்சல் இல்ல" என்றார். இந்த யோசனை எனக்கு வந்ததல்ல, அவருக்கே வந்தது. தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் கிணற்றிலிருந்து தொடங்கினார்.

கடைசிப் படகு வரும்வரை அவர் நிமிரவில்லை. கிணறு, துலா, தோய்கிற கல், அடுப்படி, அடுப்படிக்குப் பின்னால் ஒரு கறிமுருங்கை, படலைக்கருகில் பூவரசு. தாயின் அறையில் ஒரு சிறிய சதுரம் போட்டிருந்தார். என்ன அது என்று கேட்டதற்குத் தையல் மெசின் என்றார். நெடுந்தீவு அம்மாவின் தாளையும் பார்த்தேன். துறை முழுவதையும் கீறியிருந்தார். மரக்கட்டை, கயிறு, இறங்கும் படி எல்லாம் இருந்தன. படிக்குக் கீழே தாளை வெறுமையாக விட்டிருந்தார்.

திரும்பும்போது குறிகட்டுவானில் ஒரு வானைப் பிடித்தோம், ஒழுங்கை வாசலில் நிறுத்தச் சொன்னோம். பொழுது படுவதற்கு அரை மணித்தியாலம் இருந்தது. அக்கா தாளைக் கையில் பிடித்துக்கொண்டு பற்றைக்குள் முன்னால் நடந்தார், நாங்கள் பாம்புக்குப் பயந்து பின்னால். கிணற்றுக் கட்டு இருந்தது. அதில் நின்று அடுப்படிச் சுவர்வரை காலடி வைத்து எண்ணினார்.

"இருவத்தஞ்செண்டு நினைச்சுக் கீறினன். பதினாலுதான் வருது" என்றார். "சின்னப் பிள்ளையில வாளியோட நடந்தபடியா தூரமாத் தெரிஞ்சிருக்கு."

ரீச்சர் அழிறப்பரை நீட்டினார். அக்கா வாங்கவில்லை. கிணற்றுக்கும் அடுப்படிக்கும் இடையில் பதினாலு என்று இலக்கத்தில் எழுதினார், கோட்டை அப்படியே விட்டார். நடு ஹோலுக்குள் நின்ற ஆலமரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதையும் ஒரு வட்டமாகப் போட்டார். வடக்குப் பக்கத்து அறைகளைப் பற்றை மூடியிருந்ததால் அன்று எண்ண முடியவில்லை. வைகாசிக்கு இன்னும் ஐந்து சனிக்கிழமை இருக்கிறது. வாற சனிக்கிழமை கத்தியும் பெரிய தாளும் கொண்டு வருவதாக ரீச்சர் சொல்லியிருக்கிறார்.