குள்ளனும் ட்ராகனும் பங்காளிங்க

போன செமஸ்டர்ல ஒரு ராத்திரி, ஹாஸ்டல் ரூம்ல ஆறு பேர் உட்கார்ந்து 'தி ஹாபிட்' படம் மூணு பாகத்தையும் ஒரே மூச்சா பார்த்து முடிச்சோம். மறுநாள் இன்டர்னல் டெஸ்ட். அதோட ரிசல்ட்டைப் பத்தி யாரும் கேட்காதீங்க. படம் முடிஞ்சதும் ரூம்மேட் ஒரு கேள்வி கேட்டான்: "மச்சி, நீ குள்ளன் பக்கமா, ட்ராகன் பக்கமா?"

ஆறு பேருமே குள்ளன் பக்கம்தான்.

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். டோல்கீன் 1937-ல எழுதின நாவல். மலைக்குள்ள குடைஞ்சு தங்கமும் ரத்தினமும் எடுத்து, இரும்படிச்சு வாழ்ந்த குள்ளர் கூட்டம். ஸ்மாக்னு ஒரு ட்ராகன் வந்து அவங்களை அடிச்சுத் துரத்திட்டு அந்தத் தங்கக் குவியல் மேல படுத்துக்குது. அதுக்குத் தங்கத்தால ஒரு உபயோகமும் கிடையாது. செலவும் பண்ணாது, யாருக்கும் கொடுக்கவும் கொடுக்காது. சும்மா படுத்திருக்கும்.

இந்தக் கதை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கேன்னு அன்னைக்கே தோணுச்சு. கேட்டது எங்க ஆத்தாகிட்ட.

எங்க ஊரு காங்கயத்துப் பக்கம். சின்ன வயசுல லீவுக்குப் போறப்ப, காட்டுக்குள்ள வட்டமா நட்டு வெச்ச பெரிய பெரிய கல்லைக் காட்டி ஆத்தா சொல்லும்: "அதுக்குள்ள போகாத கண்ணு. முன்னாடி குள்ள மனுசங்க குடியிருந்த எடம். அவிங்க பொதைச்சு வெச்சதை நாகம் சுத்திக்கிட்டுக் காவல் காக்குது." நானும் பயந்துபோய் அந்தப் பக்கமே போனதில்ல. அப்புறம் கோயமுத்தூர்ல இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல், ஹாரி பாட்டர், டோல்கீன்னு போனதும் ஆத்தா கதையெல்லாம் மறந்துபோச்சு.

இந்த வருஷம்தான் கொடுமணல் போனேன். நாம மெக்கானிக்கல், மெட்டீரியல்ஸ் லேப்ல ஸ்டீல் பத்திப் படிக்கிறோம், ஆனா பஸ் ஏறினா போயிடக்கூடிய தூரத்துல இருக்கிற இந்த ஊரைப் பத்தி நமக்கு யாரும் சொன்னதில்ல. சென்னிமலை தாண்டி, நொய்யல் கரையில இருக்கிற சின்ன கிராமம். 1985-ல இருந்து தமிழ்ப் பல்கலைக்கழகமும், அப்புறம் மத்த துறைகளும் பல தடவை தோண்டியிருக்காங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழசான தொழில் ஊரு அது. இரும்பு உருக்கின உலை கிடைச்சிருக்கு. மூசையில வெச்சு எஃகு காய்ச்சின தடயம் கிடைச்சிருக்கு. கல்லு பட்டை தீட்டி மணி செஞ்ச பட்டறை கிடைச்சிருக்கு. பச்சைக்கல் பக்கத்துல படியூர்ல கிடைச்சது, நீலக்கல் சிவன்மலைப் பக்கம். சங்க இலக்கியத்துல பதிற்றுப்பத்து 'கொடுமணம்'னு சொல்ற ஊர் இதுதான்கிறாங்க. இந்தியாவுல கிடைக்கிற இந்தப் பச்சைக்கல்லைப் பத்தி ரோம்ல இருந்த பிளினியே எழுதி வெச்சிருக்கார்.

ஆத்தா காட்டின மாதிரியே கல்வட்டங்கள் அங்கயும் இருக்கு. அதெல்லாம் வீடு இல்ல, சமாதி. உள்ள இருக்கிற கல்லறை பார்க்கச் சின்ன ரூம் மாதிரி இருக்கும். அந்த அளவைப் பார்த்துதான் நம்ம ஜனங்க 'இதுல குள்ளனுங்கதான் இருந்திருக்கணும்'னு கணக்குப் போட்டிருப்பாங்கன்னு நினைக்கிறேன். ஆனா அவங்க குள்ளனுங்க இல்ல. நம்மள மாதிரி சாதாரண உயரத்துல இருந்த கொல்லனுங்க, கல் தச்சனுங்க. பானை ஓட்டுல தன் பேரைத் தமிழி எழுத்துல கீறி வெச்சுட்டுப் போயிருக்காங்க. மலையைக் குடைஞ்சு ரத்தினம் எடுத்து இரும்படிச்ச கூட்டத்தை நான் ஐரோப்பாவுல தேடிட்டு இருந்தேன். இருந்தது நொய்யல் கரையில.

சரி, குள்ளன் கிடைச்சாச்சு. ட்ராகன் எங்க?

டோல்கீனுக்கு முன்னாடி இருந்த பழைய நார்ஸ் கதை ஒண்ணைப் படிச்சேன். அதுல ஃபாஃப்னிர்னு ஒரு ட்ராகன். அவன் பொறக்கும்போது ட்ராகன் இல்ல. அண்ணன் தம்பியில ஒருத்தன். அப்பன்கிட்ட இருந்த தங்கத்துக்கு ஆசைப்பட்டு அப்பனையே கொன்னுட்டு, தம்பி ரெகினுக்குப் பங்கு தரமாட்டேன்னு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போய், அது மேல படுத்துப் படுத்துப் பாம்பா மாறிட்டான். ரெகின் யாரு தெரியுமா? கொல்லன். உருவத்துல குள்ளன்.

அதைப் படிச்சப்ப சுருக்குனு இருந்துச்சு. ஏன்னா சின்ன வயசுல ஆத்தாகிட்ட, "அந்தப் பாம்பு யாரு ஆத்தா?"ன்னு கேட்டிருக்கேன். "பொதைச்சவனேதான் சாமி. செத்தும் அது மேல ஆசை போகாம பாம்பாப் பொறந்து காத்துக்கிட்டுக் கெடக்கறான்"னு சொல்லுச்சு. நார்ஸ் கதை எழுதினவனும் எங்க ஆத்தாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்ல.

அப்போ இது ரெண்டு இனத்துக்கு நடுவுல நடந்த சண்டை இல்ல. பங்காளிச் சண்டை.

இப்ப சொல்ல வந்ததைச் சொல்லிடறேன். எங்க அப்பாவும் பெரியப்பாவும் பேசி ஒன்பது வருஷம் ஆச்சு. காரணம் ஒரு கிணறு. ஆளுக்கு மூணு நாள் முறைத் தண்ணி. அதுல யாரோ ஒரு நாள் அதிகமா மோட்டார் ஓட்டினதுல ஆரம்பிச்சு, வரப்புல வந்து, வக்கீல் வரைக்கும் போயிடுச்சு. போன ஆவணியில ஆத்தா செத்தப்ப ரெண்டு பேரும் பாடைக்கு ஆளுக்கொரு பக்கம் நின்னாங்க. ஒரு வார்த்தை பேசிக்கல.

எங்க வீட்டுல சொல்ற கதையில நாங்க குள்ளனுங்க, பெரியப்பா ட்ராகன். அவங்க வீட்டுல எப்படிச் சொல்லியிருப்பாங்கன்னு நான் யோசிச்சதே இல்ல. பெரியப்பா பையனும் கோயமுத்தூர்லதான் படிச்சான். காந்திபுரம் பஸ் ஸ்டாண்ட்ல ரெண்டு தடவை எதிர்ல வந்திருக்கான். ரெண்டு தடவையும் நான் போனை எடுத்துப் பார்க்கிற மாதிரி நின்னேன். கிணத்துல எனக்கு என்ன சண்டை? மோட்டார் ஸ்விட்ச் எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது.

'ஹாபிட்'ல நான் கவனிக்காம விட்ட ஒரு இடம் இருக்கு. ட்ராகன் செத்ததும் கதை முடியல. தங்கம் திரும்பக் கிடைச்ச குள்ளர் தலைவன் தோரின், யாருக்கும் ஒரு காசு தரமாட்டேன்னு கோட்டைக் கதவை அடைச்சுட்டு உட்கார்ந்துக்குவான். ட்ராகன் போயிடுச்சு, அதோட வியாதி குள்ளனுக்கு வந்துடுச்சு.

போன மாசம் எனக்குப் பிளேஸ்மென்ட் ஆச்சு. அப்பா ஊரெல்லாம் சொன்னார், ஒரு வீட்டைத் தவிர. அடுத்த ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போனப்ப அரைக்கிலோ மைசூர்பாக் வாங்கிட்டு அந்த வீட்டு வாசல்ல போய் நின்னேன். அப்பாகிட்ட சொல்லல. பெரியம்மா பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம உள்ள போய்ச் சொம்புல தண்ணி கொண்டுவந்து கொடுத்தாங்க. பெரியப்பா கட்டில்ல உட்கார்ந்திருந்தார். நான் நினைச்சதைவிட ரொம்ப வயசாயிருந்துச்சு.

"வேலை கிடைச்சிருக்குங்க பெரியப்பா."

"எந்த ஊர்ல?"

"சென்னைங்க."

கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்துட்டு இருந்தார். அப்புறம் கேட்டார்: "உங்கப்பனுக்கு முட்டி வலி தேவலையா?"

ஒன்பது வருஷமா பேசாதவருக்கு அது எப்படித் தெரியும்னு நான் கேட்கல.

ஊருக்குக் கிளம்பும்போது வழியில கிணத்தை எட்டிப் பார்த்தேன். அடியில கொஞ்சம் பாசி, ஒரு பழைய பைப்பு. தண்ணி வத்தி ரெண்டு வருஷம் ஆச்சாம்.

அப்பாகிட்ட இன்னும் சொல்லல. இந்த இதழ் லிங்க்கை அவருக்கு அனுப்பலாம்னு இருக்கேன். படிச்சுட்டுத் திட்டுவார். திட்டட்டும்.